பள்ளிக்கூடப் பையன்கள் காய்ச்சிய மருந்து

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஒரு நெல்மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நன்றாக முற்றிய மணியாக இருந்தால் அதன் எடை 25 மில்லிகிராம் இருக்கும். அந்த ஒரு மணி எடையுள்ள மருந்துக்கு 750 டாலர் விலை வைத்தான் ஒரு முதலாளி. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய். ஒரு மாத வைத்தியத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள்; ஒரே ஒரு மாத்திரைக்கு! இது நடந்தது அமெரிக்காவில், 2015-ம் வருஷத்தில்.

அடுத்த வருஷமே, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்திலே, பதினாறு பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பையன்கள் அதே மருந்தைத் தங்கள் பள்ளியின் ரசாயனக் கூடத்தில் செய்து மேசைமேல் வைத்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகளின் கோட்டைக்குள்தான் மருந்து பிறக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்த உலகம் கொஞ்சம் அசந்துதான் போயிற்று. அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், செய்ததால் என்ன ஆயிற்று, என்ன ஆகவில்லை என்பதைத்தான் இன்று விவரமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் பைரிமெத்தமின். கடையில் டாராபிரிம் என்று விற்பார்கள். நமக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. சல்பா மருந்து ஒன்றோடு சேர்த்து மலேரியாக் காய்ச்சலுக்கு நம் தேசத்திலும் வெகுகாலமாகக் கொடுத்து வந்த மருந்துதான். மலேரியா தவிர இன்னொரு வியாதிக்கும் இதுவே கைகண்ட மருந்து. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. பூனையின் மலத்தின் வழியாகவும், சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் மனிதனுக்குள் வரும். கோடிக்கணக்கான ஜனங்களின் உடம்பில் அது சத்தமில்லாமல் கிடக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எய்ட்ஸ் நோயாளி, புற்றுநோய் வைத்தியத்தில் இருப்பவர் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது மூளையைத் தாக்கும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் கெடுக்கும். அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் தன்னுடைய அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இதைச் சேர்த்து வைத்திருக்கிறது.

அது வேலை செய்யும் விதமும் கேட்கத் தகுந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் போலிக் மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அந்தப் போலிக் அமிலச் சத்து இல்லாமல் எந்த உயிரணுவும் பெருக முடியாது. கிருமிக்கும் அது வேண்டும். அந்தச் சத்தை உபயோகப்படும் நிலைக்குக் கொண்டுவர உயிரணுவுக்குள் ஒரு இயந்திரம் போல ஒரு பொருள் இருக்கிறது. நம் உடம்பிலும் அது உண்டு, கிருமியிலும் உண்டு. பைரிமெத்தமின் போய்க் கிருமியின் இயந்திரத்தைத்தான் இறுகக் கவ்விக்கொள்கிறது. நம்முடையதை அவ்வளவாகத் தொடுவதில்லை. பல் சக்கரத்தில் ஆப்பு வைத்தால் மெஷின் நிற்கிற மாதிரி கிருமியின் பெருக்கம் நின்றுவிடும்.

இந்த மருந்தை முதன்முதலில் கண்டுபிடித்தது யார்? 1950-களின் ஆரம்பத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரும் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும். அந்த அம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஒரு பல் வைத்தியரின் மகள். 1929-ம் வருஷத்துப் பங்கு மார்க்கெட் வீழ்ச்சியில் குடும்பத்தின் பணமெல்லாம் போய்விட்டது. நியூயார்க்கில் ஹன்டர் கல்லூரியில் பெண்களுக்குச் சம்பளமில்லாப் படிப்பு இருந்ததனால்தான் அவர் ரசாயனம் படித்தார். 1937-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடங்களின் கதவைத் தட்டினார். பெண்ணுக்கு இங்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச காலம் உயர்நிலைப் பள்ளியில் ரசாயனமும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தார். யுத்த காலத்தில் ஆண்களுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு திறந்தது. டாக்டர் பட்டம் முடிக்க அவருக்கு வாய்க்கவேயில்லை. அந்த அம்மையாருக்குத்தான் 1988-ல் நோபல் பரிசு! சம்பளம் கேட்காத ஒரு கல்லூரி அன்று இல்லாதிருந்தால் இந்த மருந்தின் சரித்திரம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஆக, மருந்து பழசு. அதன் காப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆயிற்று. ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மாத்திரை ஒன்று சுமார் 1 டாலருக்கு விற்றது. பிறகு மருந்தின் உரிமை கை மாறிற்று, விலையும் ஏறிற்று. 2015-ல் 13 டாலர் 50 சென்ட் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் டூரிங் என்ற கம்பெனி 5 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்காவில் அதை விற்கும் உரிமையை வாங்கியது. கம்பெனியின் தலைவன் மார்ட்டின் ஷ்க்ரெலி. பங்குப் பணத்தில் புரண்ட வாலிபன். வாங்கிய கொஞ்ச நாளிலேயே 13.50 டாலர் மாத்திரை 750 டாலர் ஆயிற்று. 55 மடங்குக்கு மேல்! மருந்தில் எதுவும் புதிதாகச் சேர்க்கவில்லை. அதே மருந்து, அதே 25 மில்லிகிராம்.

காப்புரிமைதான் இல்லையே, வேறு கம்பெனி செய்து மலிவாக விற்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சூது. அமெரிக்காவில் இந்த வியாதிக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் அங்கே இந்த மாத்திரையை விற்கிற கம்பெனி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னொருவன் வரவேண்டுமானால், தன் மாத்திரையும் பழைய மாத்திரையும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டு நிரூபித்து சர்க்கார் அனுமதி வாங்கவேண்டும். ஒப்பிடப் பழைய மாத்திரை வேண்டுமே! அது கடைத்தெருவில் கிடைக்காதபடி, தான் குறித்த சில இடங்களில் மட்டும், தான் குறித்தவர்களுக்கு மட்டும் விற்கும்படி டூரிங் கம்பெனி வாசலை அடைத்துவிட்டது. போதாததற்கு மூலச் சரக்கு செய்கிறவர்களோடும் மற்றவனுக்குக் கொடுக்காதே என்று ஒப்பந்தம். ஊருக்கு ஒரே கிணறு; அதற்கு வேலி போட்டு, வாளி விற்கிறவனையும் கையில் போட்டுக்கொண்ட மாதிரி.

இப்போது சிட்னிக்கு வருவோம்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் அலிஸ் வில்லியம்சன் என்ற ரசாயன விஞ்ஞானி இருந்தார். மாத்யூ டாட் என்ற பேராசிரியரோடு சேர்ந்து மலேரியாவுக்குப் புது மருந்து தேடுகிற வேலை அவருக்கு. அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. மருந்து ஆராய்ச்சி என்றால் பூட்டிய அறை, ரகசிய நோட்டு, கடைசியில் காப்புரிமை என்பதுதான் வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். அன்றன்று செய்த சோதனை, வந்த பலன், வராமல் போன பலன் எல்லாவற்றையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் எழுதி வைத்தார்கள். காப்புரிமை எடுப்பதில்லை என்பதே அவர்களுடைய விதி. டாராபிரிம் விலைக் கொள்ளையைப் பற்றிக் கேட்டதும் வில்லியம்சனுக்கு ஒரு யோசனை தோன்றிற்று: இந்த மருந்தைச் செய்வது எவ்வளவு கஷ்டம்? பள்ளிக்கூடப் பிள்ளைகளால் முடியுமா?

சிட்னி கிராமர் பள்ளி என்ற பள்ளிக்கூடத்தின் மாணவர்கள் இதில் இறங்கினார்கள். பள்ளி ஆசிரியர்கள் பக்கத்தில் நின்றார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் இணைய நோட்டின் வழியாக யோசனை சொன்னார்கள்.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. பழைய காப்புரிமைப் பத்திரத்திலேயே அச்சாகி இருக்கிறது. குளோரோபினைல் அசிட்டோநைட்ரைல் என்று வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு சரக்கு. 100 கிராம் 36 டாலர் 50 சென்ட், அதுவும் ஆஸ்திரேலிய டாலர். அதோடு ஒன்றைச் சேர்த்து இணைப்பது முதல் கட்டம். இணைந்ததைக் கொஞ்சம் மாற்றிப் பக்குவப்படுத்துவது இரண்டாவது கட்டம். குவானிடின் என்ற சரக்கைச் சேர்த்து வளையமாக மூடுவது மூன்றாவது கட்டம். அவ்வளவுதான், காகிதத்தில் பார்த்தால் மூன்றே வரி.

ஆனால் இரண்டாவது வரியில் பாம்பு படுத்திருந்தது. பழைய முறையில் அந்தக் கட்டத்துக்கு டையஸோமீத்தேன் என்ற மஞ்சள் வாயு வேண்டும். விஷ வாயு. விஷம் மட்டுமா? வெடிக்கும். கீறல் விழுந்த கண்ணாடிக் குடுவையே அது வெடிக்கப் போதுமானது. தேர்ந்த விஞ்ஞானிகளே பயந்து பயந்து கையாளும் சரக்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியுமா? கூடாது. ஆகவே அந்தக் கட்டத்துக்கு ஆபத்தில்லாத மாற்று வழியைப் பையன்கள் கண்டாக வேண்டும்.

தோழர்களே, இந்த இடத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். புத்தகத்தில் உள்ளதைப் பார்த்துச் செய்வது பாடம். புத்தகத்து வழி அடைபட்ட இடத்தில் வேறு வழி தேடுவதுதான் ஆராய்ச்சி. உங்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஆலையில் மெஷின் நின்றால், உதிரி சாமான் வரும்வரை காத்திருக்காமல் இருப்பதை வைத்து ஓட்டிக் காட்டுகிற பிட்டர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். படியாத மண்ணில் எப்போது ஏர் பூட்டவேண்டும் என்று காலால் மிதித்தே சொல்கிற பெரியவர்களும் இருக்கிறீர்கள். அதே மூளைதான். அந்தப் பையன்களுக்குக் குடுவையும், தராசும், கேட்டால் பதில் சொல்ல ஆளும் கிடைத்தன.

2016 கடைசியில் வேலை முடிந்தது. 17 கிராம் மூலச் சரக்கில் ஆரம்பித்து, 3.7 கிராம் சுத்தமான பைரிமெத்தமின் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தார்கள். மருந்து அசல்; கலப்பில்லை. நவம்பர் கடைசியில் ரசாயன விஞ்ஞானிகள் கூடிய சபையில் பையன்களே எழுந்து நின்று தங்கள் வேலையை விளக்கிச் சொன்னார்கள்.

இனிக் கணக்குப் போடுவோம். 3.7 கிராமை 25 மில்லிகிராமாகப் பிரித்தால் 148 மாத்திரை. மாத்திரை 750 டாலர் என்றால் 1 லட்சத்து 11 ஆயிரம் டாலர். அந்த 17 கிராம் மூலச் சரக்கின் விலை என்ன? 100 கிராம் 36.50 என்றால் 17 கிராம் 6 டாலர் சொச்சம். மற்றச் சரக்குகளையும் சேர்த்து சுமார் 20 டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. இதிலும் சேதாரம் நிறைய. கணக்குப்படி அந்த மூலச் சரக்குக்குப் பல மடங்கு மருந்து வந்திருக்கவேண்டும். பிள்ளைகளின் கையில் கொஞ்சம்தான் தேறிற்று. போட்ட பஞ்செல்லாம் நூலாகிறதா? கழிவு போகத்தானே செய்யும்! பழகிய தொழிற்சாலையில் இன்னும் குறைந்த செலவில் வரும்.

உலகப் பத்திரிகைகளெல்லாம் இந்தச் செய்தியைப் போட்டன. ஷ்க்ரெலிக்கு ரோஷம் வந்துவிட்டது. கூலியும் கருவியும் கணக்கில் சேர்க்கவில்லையே, சிறிய அளவில் எந்த மருந்தையும் மலிவாகச் செய்யலாமே என்று ஏளனமாகப் பதில் சொன்னான். எதிரி சொன்னதிலும் உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொள்வோம். ஆசிரியரின் சம்பளம், கட்டிடம், பல்கலைக்கழகத்தின் விலையுயர்ந்த கருவி எதுவும் அந்த 20 டாலரில் இல்லை. உண்மைதான். கூலியைக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று ஒரு முதலாளி வாயால் கேட்பதே நமக்குப் புதுமை! சரி, சேர்ப்போம். உலகத்தின் மற்ற தேசங்களில் இதே மாத்திரையைச் செய்கிற கம்பெனிகள் கூலி கொடுக்காமலா செய்கின்றன? கட்டிடமும் கருவியும் அவர்களுக்கு இல்லையா? அவ்வளவும் சேர்த்து, லாபமும் வைத்து, ஆஸ்திரேலியாவில் 50 மாத்திரை சுமார் 13 டாலருக்கு அப்போது கிடைத்தது. நம் தேசத்தில் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். அப்படியானால் 750 டாலரில் கூலி எங்கே இருக்கிறது? அவன் விற்றது மருந்தின் விலைக்கு அல்ல; வேலியின் விலைக்கு.

நம் தேசத்தில் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 1970-ல் இயற்றிய காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளின் மேலேயே ஒருவன் உரிமை கொண்டாட இடம் கொடுக்கவில்லை. செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றது. ஒரே மருந்தை வேறு வழியில் செய்ய யாருக்கும் பாதை திறந்திருந்தது. இந்திய மருந்துத் தொழில் அதில்தான் வளர்ந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் நெருக்குதலில் 2005-ல் பொருள் காப்புரிமை மறுபடி உள்ளே வந்தது. வேறு வழி கண்டுபிடிப்பது என்பது சிட்னிப் பையன்களுக்கு வெடிக்கிற வாயுவிலிருந்து தப்பும் உபாயம். நமக்கோ ஒரு காலத்தில் அதுவே தேசக் கொள்கை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சிட்னி கிராமர் பள்ளி பணக்காரர்களின் பள்ளி. 1854-ல் ஏற்பட்டது; சம்பளம் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளி, வெகு அதிகச் சம்பளம். அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அவர்கள் செய்தது நல்ல காரியம், மனமாரப் பாராட்டுவோம். ஆனால் சிட்னியிலேயே துறைமுகத் தொழிலாளியின் மகனும் கெட்டிக்காரன்தானே! அவன் பள்ளியில் அப்படியொரு கூடம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பத்திரிகைகள் அதிசயப் பிள்ளைகள் என்று எழுதின. பிள்ளைகள் அதிசயமில்லை, ஏற்பாடு நன்றாக இருந்தது. இதை வில்லியம்சனும் உணர்ந்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு பள்ளியோடு நிறுத்தாமல், வேறு மாணவர்களும் சாதாரண ஜனங்களும் அத்தியாவசிய மருந்துகளைச் செய்து பார்க்கும்படி ஒரு திட்டத்தைப் பின்னால் தொடங்கினார்.

கூட்டத்திலிருந்து இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர் கேட்கிறார்: பையன்கள் செய்து காட்டியதால் அமெரிக்காவில் விலை இறங்கிற்றா?

இல்லை, தோழரே. இறங்கவில்லை. பள்ளியில் செய்த மருந்தை நோயாளிக்குக் கொடுக்க முடியாது; கொடுக்கவும் கூடாது. அனுமதி, ஒப்பீடு, சோதனை எல்லாம் வேண்டும். அந்த வாசல்தான் அடைபட்டிருந்ததே! வேறொரு கம்பெனியின் பைரிமெத்தமினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2020 பிப்ரவரி கடைசியில். அதாவது விலையேற்றத்துக்கு நாலரை வருஷத்துக்குப் பிறகு. ஷ்க்ரெலி ஜெயிலுக்குப் போனான், ஆனால் மருந்துக்காக அல்ல. பங்கு முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2018-ல் ஏழு வருஷத் தண்டனை. பணக்காரன் பணத்தில் கை வைத்தால் ஜெயில் சீக்கிரம் வருகிறது. மருந்து விவகாரத்தில் அமெரிக்க வர்த்தகக் கமிஷனும் சில மாநில சர்க்கார்களும் 2020-ல் வழக்குப் போட்டன. 2022 ஜனவரியில் தீர்ப்பு: 6 கோடியே 46 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டவேண்டும், ஆயுள் முழுவதும் மருந்துத் தொழிலில் கால் வைக்கக்கூடாது. வாசலை அடைத்ததுதான் குற்றம் என்றது கோர்ட்டு. அடைத்த வாசலைத் திறந்தது பையன்கள் அல்ல. ஆனால் உள்ளே ஒளித்து வைத்திருந்த பொருளின் யோக்கியதை என்ன, விலை என்ன என்பதை ஊரறியச் செய்தது அவர்கள்தான்.

இரண்டாவது சீட்டு ஒரு தாய் எழுதியது: என் மகள் அரசாங்கப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். அவர்கள் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா?

அம்மா, நாளைக்கே மருந்து செய்யச் சொல்ல மாட்டேன். முதலில் பள்ளியில் ரசாயனக் கூடம் இருக்கிறதா, இருந்தால் பூட்டு எப்போது திறக்கிறது என்று மகளையே கேளுங்கள். ஒரு வருஷத்தில் அவள் தன் கையால் எத்தனை சோதனை செய்தாள், எத்தனையை ஆசிரியர் செய்ய எட்டி நின்று பார்த்தாள், எத்தனையைச் செய்யாமலே நோட்டில் எழுதிக்கொண்டாள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற அமைப்பின்படி அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரியுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ரசாயனக் கூடத்தின் இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்: குடுவை எத்தனை, அமிலம் எவ்வளவு, தராசு வேலை செய்கிறதா, கூடத்துக்கு உதவியாளர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா. பதிவேட்டில் உள்ளதும் அலமாரியில் உள்ளதும் ஒன்றா என்று நேரில் பாருங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த மாதம் இதே இடத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படிப்போம்.